கிணறு தோண்டுமுன் ஊரைத் தோண்டுவான்!



கீழக்கரை, திருப்புல்லாணி, கடலாடி, முதுகுளத்தூர், திருவாடானை வட்டாரத்து மக்களுக்கு 2025 ஆகஸ்டில் ஒரு சேதி காதில் விழுந்தது. நம்ம மாவட்டத்தில் 20 இடத்தில் ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறு தோண்ட ஓஎன்ஜிசி கம்பெனிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது என்ற சேதி. 1,403 சதுர கிலோமீட்டர் பரப்பு. செலவு 675 கோடி. அனுமதி கொடுத்தது அந்த வருஷம் மார்ச் மாதம். நமக்குத் தெரிந்தது ஆகஸ்டில். அஞ்சு மாசம் நம்ம வயலுக்கு அடியில் என்ன நடக்கப் போகுதுன்னு நமக்கே தெரியாமல் மிளகாய் நாத்துக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு இருந்தோம்.

எதிர்ப்பு கிளம்பியதும் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, தமிழகத்தில் எந்த இடத்திலும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை அரசு அனுமதிக்காது, கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்குச் சொல்லியாச்சு என்று அறிவித்தார். நல்லது. வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் இருக்கு. கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள் இருக்கு. ராமநாதபுரம் இல்லை. காவிரித் தண்ணி பாயுற மண்தான் விவசாய மண், மழையை நம்பி நெல்லும் குண்டு மிளகாயும் போடுகிற மண் வெறும் பொட்டலா? நம்ம குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கு!

கிணறு வந்தால் நிலத்தடி நீர் கெடும், கண்மாய் கெடும் என்று பல துண்டறிக்கைகள் வந்துவிட்டன. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. இந்தப் பிரசுரம் வேறு ஒன்றைச் சொல்ல வருகிறது. பூமியைத் தோண்டுகிறவன் முதலில் தோண்டுவது பூமியை இல்லை. ஊரை! அண்ணன் தம்பிக்கு நடுவில், இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில், பட்டா இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் முதல் குழியைப் போடுவான். அதில் ஊர் விழுந்த பிறகு ரிக் மெஷின் தானாக வந்து சேரும்.

எப்படித் தோண்டுவான்? ஜீப்பில் வருவான். கிராமசபைக்கு வரமாட்டான். நேராக ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போவான். "உங்க சர்வே நம்பர் இவ்வளவு, குத்தகைக்குத்தான் கேட்கிறோம், நிலம் உங்க பேரில்தான் இருக்கும், வருஷா வருஷம் பணம்" என்பான். அந்த வீட்டுக்காரர் அந்த நிலத்தில் காலை வைத்தே பல வருஷம் ஆகியிருக்கலாம். சென்னையிலோ துபாயிலோ கூட இருக்கலாம். நிலத்தை வாரத்துக்கு உழுகிறவர் வேற ஒருத்தர். களை எடுக்கிறதும் மிளகாய்ப் பழம் ஆயுறதும் பக்கத்துக் காலனிப் பெண்கள். அறுவடை முடிந்ததும் அங்கே கிடை போடுகிறவர் கீதாரி. வரப்பில் நிற்கிற பனையை ஏறுகிறவர் இன்னொருத்தர். விளையாமல் கிடக்கிற பக்கத்துப் புஞ்சையில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறது இன்னும் நாலு குடும்பம். ஒரு சர்வே நம்பரை நம்பி இப்படி ஏழெட்டு அடுப்பு எரியுது. கம்பெனிக்காரன் கணக்கில் ஒரு அடுப்புதான். அது பட்டாவில் பேர் இருக்கிற அடுப்பு.

2013-ம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டம் இந்த அநியாயத்தைக் கொஞ்சமாவது பார்த்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் பட்டாதாரர் மட்டும் இல்லை. 3 வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிற கூலியாள், குத்தகைதாரர், வாரதாரர், கைத்தொழில்காரர் எல்லாரும் அதில் அடக்கம் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அது நிலத்தைச் சர்க்கார் கையகப்படுத்தும்போதுதான். குத்தகை ஒப்பந்தம் என்று பேசி எடுத்தால் அந்தச் சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிடும். குத்தகை, குத்தகைன்னு ஏன் இவ்வளவு தேனொழுகப் பேசுகிறான் என்பது இப்போ விளங்குதா?

அப்புறம் வேலை. பொறியாளர் வெளியில் இருந்து வருவார். நமக்குக் கிடைப்பது வாட்ச்மேன் வேலை, ஜீப் வாடகை, தண்ணி லாரி, மண் அடிக்கிற சப்-காண்ட்ராக்ட். அதையும் ஊரில் ஆள்பலம் உள்ள ஒருத்தருக்குக் கொடுப்பான். அவரு ஒரு ஜாதி என்றால் பக்கத்து ஊர்க்காரன், "எங்க ஆளுக்கு ஏன் இல்லை?" என்பான். ஒரு ஊருக்குக் கோயில் மண்டபம், இன்னொரு ஊருக்குப் பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர், மூன்றாவது ஊருக்கு ஒன்றுமில்லை. ஆறே மாசத்தில் சண்டை கம்பெனியோடு இருக்காது. நமக்குள்ளேதான் இருக்கும். வழுதூரில் எரிவாயுவில் மின்சாரம் எடுத்து 20 வருஷத்துக்கு மேலாச்சு. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள்: அதில் நிரந்தர வேலையில் போன உங்க பிள்ளைகள் எத்தனை பேரு?

இதை நாம கற்பனையில் சொல்லவில்லை. நடந்த இடங்கள் இருக்கு.

உலக வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு மேலே பூகன்வில் என்று ஒரு தீவு. பழங்குடி மக்கள். கிழங்கும் தேங்காயும் போட்டுப் பிழைத்த விவசாயிகள், நம்மைப் போல. அங்கே பாங்குனா என்ற இடத்தில் செம்பும் தங்கமும் இருக்கு என்று ரியோ டின்டோ கூட்டத்துக் கம்பெனி 1960-களில் இறங்கியது. 1969-ல் ரொரோவானா ஊர்ப் பெண்கள் மண் தள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. 1972-ல் சுரங்கம் ஓட ஆரம்பித்தது.

அந்த மக்கள் வழக்கப்படி நிலம் தாய்வழியில் வரும். கம்பெனியும் சர்க்காரும் பேசியது ஆண்களோடு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பேரை உரிமைக்காரராக எழுதிக்கொண்டு அவர் கையில் இழப்பீட்டைக் கொடுத்தார்கள். அவர் பங்கு போட்டுக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் கொடுத்தாரா? சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை. 1989 வரை சுரங்கம் சம்பாதித்ததில் பாப்புவா நியூ கினி அரசுக்குப் போனது 100-க்கு 60 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்கு 30-க்கு மேல். நிலத்துக்காரர்களுக்கு? ஒன்றரை ரூபாய்கூட இல்லை! அந்த ஒன்றரை ரூபாய்க்குத்தான் அண்ணன் தம்பி சண்டை.

1980-களின் கடைசியில் நில உரிமையாளர் சங்கமே இரண்டாக உடைந்தது. கம்பெனி அறக்கட்டளைப் பணத்தைக் கையில் வைத்திருந்த பெரியவர்கள் ஒரு பக்கம். ஒன்றும் கிடைக்காத இளவட்டங்கள் இன்னொரு பக்கம். சுரங்கத்திலேயே வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனா அந்த இளவட்டங்களுக்குத் தலைவர். மின்கோபுரங்களை வெடி வைத்துச் சாய்த்தார்கள். 1989 மே மாதம் சுரங்கம் மூடியது. ராணுவம் வந்தது, தீவை முற்றுகையிட்டார்கள், மருந்துகூடப் போகவில்லை. கொடுமை அதோடு நிற்கவில்லை. தீவு மக்களே இரண்டு படையாகி ஒருத்தரை ஒருத்தர் சுட்டார்கள். ஏறத்தாழ 10 வருஷம். செத்தவர்கள் 15,000-லிருந்து 20,000 வரை இருக்கும் என்கிறார்கள். மொத்த சனமே 2 லட்சத்துக்குள்தான். நம்ம ராமநாதபுரம் மாவட்ட சனத்தொகையை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 2001-ல் சமாதான ஒப்பந்தம். 2019-ல் நடந்த வாக்கெடுப்பில் 100-க்கு 97 பேருக்கு மேல் தனிநாடு கேட்டார்கள். அந்தக் குழி இன்னும் மூடாமல் கிடக்கிறது.

"அது எங்கேயோ தீவு, காட்டுச்சனம்" என்று யாராவது சொன்னால், அவருக்கு முதுகுளத்தூர் 1957-ஐ ஞாபகப்படுத்துங்கள். 2011 பரமக்குடியை ஞாபகப்படுத்துங்கள். நம்ம மண்ணில் ஜாதிப் பகை ஒரு காய்ந்த ஓலைக்கட்டு. தீக்குச்சி எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. கம்பெனிப் பணம் நல்ல தீக்குச்சி.

சரி, நம்ம நாட்டுப் பழங்குடி மக்கள் என்ன செய்தார்கள்? ஒடிசாவில் நியாம்கிரி மலை. உச்சியில் டோங்ரியா கோந்த் மக்கள். மலை அடிவாரத்தில் வேறு கோந்த் பிரிவினர், தலித் குடும்பங்கள், மாடு வளர்க்கிற கவுடா குடும்பங்கள். அடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தா கம்பெனி அலுமினா ஆலையைக் கட்டிவிட்டு, மேலே மலையில் இருக்கிற பாக்சைட்டைக் கேட்டது. ஆலைக்காக நிலம் விட்டவர்களுக்குக் கான்கிரீட் வீட்டுக் காலனி. கொஞ்சப் பேருக்குக் கூலி வேலை. மலைமேல் இருப்பவனுக்கும் அடிவாரத்தில் இருப்பவனுக்கும் முறைப்பு. வழக்கமான வேலைதான்.

2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், மலை மக்களின் கிராமசபை சொல்லட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மலையைச் சுற்றி 100-க்கு மேல் ஊர் இருக்க, மாநில அரசு 12 ஊரை மட்டும் பொறுக்கி எடுத்தது. அதில் ஒரு ஊர் இஜிருபா. அங்கே இருந்ததே ஒரு குடும்பம். அதுவும் பழங்குடி இல்லை, கவுடா. இந்த ஊராவது நமக்குக் கைகொடுக்கும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டிருக்கலாம். அந்த வீடும் வேண்டாம் என்றது! ஜூலை 18-ல் செர்க்கபாடியில் தொடங்கி ஆகஸ்ட் 19-ல் ஜரப்பாவில் முடிகிற வரைக்கும் 12-க்கு 12 வேண்டாம். 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று எழுதிக் கொடுத்தது. மலை இன்னும் நிற்கிறது.

இந்த வேதாந்தா யாருன்னு தெரியுமில்ல? தூத்துக்குடி ஸ்டெர்லைட். 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போச்சே, அந்த ஆலை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற இடத்தில் பாக்சைட் தோண்டிய மேட்டூர் மால்கோ. எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

அந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை ஹிந்துஸ்தான் ஜிங்க். 2024 நவம்பரில் மேலூர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை எடுத்தது. 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டி அதற்குள்ளே. நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆனால் மேலூர் எந்த மேலூர் என்பதை யோசிக்க வேண்டும். 1997 ஜூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட 6 தலித் மக்களை வெட்டிக் கொன்றார்களே, அதே மேலூர் வட்டாரம். அந்தக் காயம் ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆறவில்லை. ஆனாலும் டங்ஸ்டன் வந்தபோது நவம்பர் 23 கிராமசபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். கடைக்காரர் கடையை அடைத்தார். 2025 ஜனவரி 7-ல் மேலூர் பக்கமிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரைக்கும் ஆயிரக்கணக்கில் நடந்து போனார்கள். எல்லா ஜாதியும், எல்லா மதமும். சட்டமன்றத்தில் ஏற்கெனவே டிசம்பர் 9-ல் தீர்மானம் போட்டாச்சு. ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நியாம்கிரிக்காரனுக்கு வன உரிமைச் சட்டம் இருந்தது, கிராமசபைக்குப் பலம் இருந்தது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு ஊரும் இல்லை. மேலூர் கிராமசபைத் தீர்மானத்துக்குச் சட்டப்படி அந்த அளவு பலம் கிடையாது. வெறும் காகிதம் என்றுகூட வக்கீல் சொல்வார். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் எத்தனை தெரு நின்றது என்பதை டெல்லி எண்ணிப் பார்த்தது. அம்புட்டுத்தான்.

பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலி போதும். 1956-ல் ஆரம்பித்த கம்பெனி. நாட்டுக்காக என்று சொன்னதும் நிலத்தைக் கொடுத்தார்கள். முன்னே கொடுத்தவனுக்கு ஒரு விலை, பின்னே கொடுத்தவனுக்கு அதைப்போலப் பல மடங்கு. சிலருக்கு நிரந்தர வேலை, பலருக்குக் காலமெல்லாம் காண்ட்ராக்ட் வேலை. நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கு ஒரு வரியும் இல்லை. இப்படித் தவணை தவணையாக உடைத்த பிறகு, 2023 ஜூலை 26-ல் வளையமாதேவியில் பச்சை நெல்லின் மேல் மண் அள்ளும் இயந்திரத்தை ஏற்றினான். பிறகு நீதிமன்றம் சொல்லி ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு. கதிர் வரப்போகிற பயிரைப் பார்த்துக்கொண்டு நின்ற கூலிக்காரம்மாவுக்கு அதில் எத்தனை ரூபாய்?

நம்ம பக்கத்திலேயே ஒன்று சொல்கிறோம். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். சுமார் 2,500 ஏக்கர் வேலிக்குள் போனது. விற்றவர் பணம் வாங்கினார், சரி. ஆடு மேய்த்தவர், விறகு வெட்டியவர் பேரு எந்தக் கிரையப் பத்திரத்தில் வரும்? சூரிய மின்சாரத்துக்கு நாம் எதிரி இல்லை. கணக்கைத்தான் கேட்கிறோம்.

இன்னொரு ஆபத்து. 2020 ஜனவரி 16-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் விதியைத் திருத்தி, ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்றது. 2025 செப்டம்பரில் அணுக்கனிமச் சுரங்கத்துக்கும் கருத்துக் கேட்பில் இருந்து விலக்கு. கடற்கரை மணலில் இருப்பது அந்த வகைக் கனிமம்தான். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்து மீனவச் சகோதரர்களும் கடலில் பாசி எடுக்கிற தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும். கூட்டம் போட்டால் ஊர் ஒன்றுசேரும். அதனால் கூட்டத்தையே ரத்து செய்தான். இனி ஜீப்பில் வருகிறவன் திண்ணை திண்ணையாகத்தான் வருவான்.

அதனால் முதல் வேலை நம்மிடம்தான். பட்டாதார விவசாயிகளிடம் நேராகவே கேட்கிறோம். உங்க நிலத்தை வாரத்துக்கு உழுகிறவர் பேரு அடங்கலில் இருக்கிறதா? இல்லை. ஏன்? எழுதினால் நிலம் போய்விடும் என்ற பயம். 1969-லேயே குத்தகை உரிமையைப் பதிய ஒரு சட்டம் வந்தும், நம்ம பக்கத்தில் பதிந்தவர் குறைவு. அந்தப் பயம் நமக்கும் புரியுது. ஆனால் நாளைக்குக் கம்பெனிக்காரன் வரும்போது, "வேண்டாம், கையெழுத்துப் போடாதீக" என்று உங்க கையைப் பிடிக்க அந்த வாரக்காரர் ஏன் வரணும்? அவர் பேரே இல்லாத நிலத்துக்கு அவர் ஏன் அடி வாங்கணும்? காலனித் தெருவை ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிடாமல், போராட்டத்துக்கு மட்டும் லாரியில் ஏத்திக்கொண்டு போனால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்?

கடைசியாக ஒரு ஏற்பாடு. கீழக்கரை நகராட்சிக்குள் கிராமசபை கிடையாது. சுற்றுப்பட்டு ஊராட்சிகளில் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 தடவை கூடுகிறது. அடுத்த கிராமசபைக்கு முன்னால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு போடுங்கள். சர்வே நம்பர் வாரியாக, பட்டா யார் பேரில், வாரத்துக்கு உழுவது யாரு, கூலி வேலை யாரு, கிடை போடுவது யாரு, பனை ஏறுவது யாரு, கரி சுடுவது யாரு, எல்லாத்தையும் எழுதுங்கள். எழுதும்போது எல்லாத் தெருவில் இருந்தும் ஒரு ஆண், ஒரு பெண் கூட இருக்கட்டும். அந்த நோட்டைக் கிராமசபையில் வைத்து, இத்தனை குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எந்தக் கம்பெனிக்கும் ஒரு சென்ட் நிலமும் குத்தகைக்குக்கூட இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கச் சட்டத் திருத்தம் வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். ஊராட்சிச் செயலர் "இது அஜெண்டாவில் இல்லை" என்பார். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைவரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீர்மான நகல் ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு, ஒன்று நம்ம சங்கத்துக்கு.

நோட்டுப் போட வரும் சங்கத்துத் தோழர்களுக்குச் சாப்பாடு வேண்டாம். எந்தத் தெருவில் உட்கார்ந்து எழுதுவது என்பதை மட்டும் ஊர் கூடி முடிவு செய்து வையுங்கள். காலனித் தெருவில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது.